இயற்கை ஏடு: எஞ்சி நின்ற சோலை



மேட்டூர் நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்துவிட்ட ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் சென்றவர்கள் அங்குக் கண்ட காட்சியை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். 1934-ஆம் ஆண்டு அணை கட்டி முடிக்கப்பட்டபொழுது நீருக்குள் மூழ்கிய ஊர்களின் அடையாளமாக, பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும், ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் மெல்ல மெல்லத் தலைகாட்டும். நம் மக்கள் அங்கு நின்று, தம் பாட்டன்மார் செபம் செய்த இடம் இதுவன்றோ என்று பேசிக்கொள்வர்.

ஆனால் கோபுரத்தை நோக்கிய கண்களைச் சற்றுத் தாழ்த்தி, காலடியில் கிடக்கும் சேற்றைப் பார்த்தவர் எத்தனை பேர்? நீர் வடிந்த முதல் நாள் அது வெறும் சேறு. பின்னர் வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கிறது. சில நாட்களில் வெடிப்புகளுக்கிடையே பசுமை துளிர்க்கிறது. புல்லும் கோரையும் தலை நீட்டுகின்றன. அவற்றைத் தேடி ஆடுகள் வருகின்றன. அவற்றின் பின்னே உழவரும் வந்து குறுகிய காலப் பயிரை விதைக்கின்றனர். நீர் மீண்டும் உயராமல் நூறு ஆண்டுகள் அப்படியே நின்றுவிடுமாயின் அங்கு முட்புதர் தோன்றும். பின்னர் மரங்களும் தோன்றும்.

இரண்டு மூன்று திங்களில் நம் கண்முன் நடைபெறும் இந்நிகழ்ச்சியைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு நீட்டிக்கொள்ளுங்கள். நீருக்குப் பதிலாகப் பனிக்கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர்த் தேக்கத்திற்குப் பதிலாக ஐரோப்பாவின் வடபாதியையும், வட அமெரிக்காவின் வடபாதியையும் எண்ணிக்கொள்ளுங்கள். இத்திங்கள் இயற்கை ஏட்டில் நாம் படிக்கவிருக்கும் பக்கம் அதுவே. அந்தப் பக்கத்தின் கடைசி வரி நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் எழுதப்பட்டிருப்பதையும் காண்போம்.

பனி மூடிய உலகம்

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன்பு, இன்று கனடா என வழங்கும் நாடு ஏறத்தாழ முழுமையும், ஸ்காண்டிநேவியாவும், பிரிட்டனின் பெரும்பகுதியும் பனிப்பாளத்தின் கீழ்க் கிடந்தன. அப்பாளத்தின் தடிப்பு சில இடங்களில் மூன்று கிலோமீட்டரையும் எட்டியது. நம் ஏற்காட்டு மலையின் மீது மற்றொரு ஏற்காட்டு மலையை அடுக்கினால்தான் ஏறத்தாழ அவ்வுயரத்தை எட்ட இயலும் என்றால், அதன் பருமையை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். இத்துணை நீரும் நிலத்தின்மேல் பனியாய் உறைந்து நின்றதனால், கடல் இன்றைய மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அந்நாளில் தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடையே கடல் இல்லை. கால் நனையாமல் நடந்து செல்லக்கூடிய நிலமே இருந்தது.

இப்படி ஒரு பனியூழி இருந்தது என்று 1837-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் அறிஞர் லூயி அகாசி எடுத்துரைத்தபொழுது பலர் நம்ப மறுத்தனர். ஆயினும், பனியாறுகள் தேய்த்துச் சென்ற பாறைகளின் கீறல்களும், அவை எங்கோ தூக்கி வந்து எறிந்துவிட்ட பெருங்கற்களும் சான்று பகர்ந்தன. இன்று அதனை ஐயுறும் அறிஞர் எவரும் இல்லை.

சேலம் சமவெளியில் பனி படர்ந்ததா எனக் கேட்கலாம். இல்லை. எனினும் வடக்கின் குளிர் நம்மைத் தீண்டாமலும் விடவில்லை. உலகம் குளிர்ந்தபொழுது கடலிலிருந்து எழும் நீராவி குறைந்தது. தென்மேற்குப் பருவமழை நலிந்தது. அங்கே பனி, இங்கே வறட்சி. ஒரே வீட்டில் தந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பிள்ளைகள் பட்டினி கிடப்பதைப் போன்றதே இதுவும். உலகம் ஒரே குடும்பம் என்பது மறையுரையில் மட்டும் கூறப்படும் சொல் அன்று. மழைக்கும் காற்றுக்கும் அதுவே சட்டம்.

சேற்றுக்குள் ஒரு பதிவேடு

மனிதர் எவரும் எழுதி வைக்காத காலத்தைப் பற்றி இவ்வளவு துணிவாகப் பேசுவது எங்ஙனம்? நம் பங்கில் திருமுழுக்குப் பதிவேடு இருப்பதுபோல், காட்டிற்கும் ஒரு பதிவேடு உண்டு. அஃது ஏரிகளின் அடியிலும் சதுப்பு நிலங்களிலும் படிந்து கிடக்கும் சேறு.

ஆண்டுதோறும் மரங்களும் புற்களும் மகரந்தத்தைக் காற்றில் தூவுகின்றன. அதன் பெரும்பகுதி வீணாகிறது என நாம் எண்ணுவோம். அவ்வாறு வீணாகும் துகள்களில் சில நீரில் விழுந்து சேற்றில் புதைகின்றன. அத்துகளின் மேலோடு மிக உறுதியானது. காற்றுப் புகாத சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகளானாலும் அழியாது. மரத்திற்கு மரம் அதன் வடிவம் வேறுபடும். ஆகவே சேற்றைக் குழாயிட்டு எடுத்து, அடுக்கடுக்காகப் பிரித்து, நுண்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணினால், எந்தக் காலத்தில் எந்த மரம் நின்றது என்பது தெரிந்துவிடும். 1916-ஆம் ஆண்டில் இம்முறையை முதன்முதலாக விளக்கிக் காட்டியவர் சுவீடன் நாட்டு நிலவியலார் லென்னார்ட் வான் போஸ்ட். அவ்வடுக்குகளின் வயதைக் கணக்கிட உதவும் கதிரியக்கக் கார்பன் முறையை 1949-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லிபி வெளியிட்டார்.

அடியில் உள்ள அடுக்கு பழையது, மேலே உள்ள அடுக்கு புதியது என்னும் அடிப்படை விதியை 1669-ஆம் ஆண்டிலேயே நூலில் எழுதி வைத்தவர் யார் என்பதை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். அவர் நிக்கோலாஸ் ஸ்டீனோ. டென்மார்க் நாட்டில் பிறந்து, இத்தாலியில் கத்தோலிக்க மறையைத் தழுவி, குருவாகி, ஆயராகவும் உயர்ந்தவர். 1988-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். சேற்றை ஆராய்ந்த கைகளே திருப்பலியையும் ஒப்புக்கொடுத்தன. ஒன்று மற்றொன்றிற்கு இடையூறாக அமையவில்லை.

மரங்களின் பவனி

அந்தப் பதிவேடு வட ஐரோப்பாவைப் பற்றிக் கூறும் வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

பனி பின்வாங்கிய நிலம் கல்லும் மணலும் களிமண்ணுமாய்க் கிடந்தது. முதலில் அங்கு வந்தவை பாசியும் புல்லும் தரையோடு படரும் சிறு செடிகளும் ஆகும். அவற்றுள் ஒன்று டிரையாஸ் எனப்படும் வெண்ணிறப் பூச்செடி. அதன் இனத்தைச் சேர்ந்த சில செடிகளின் வேர்களில் தங்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கித் தரவல்லவை. நம் வயலில் அவரையும் உளுந்தும் செய்யும் பணியை அச்செடிகள் செய்கின்றன. தனக்குப் பின் வருவோருக்காக நிலத்தைப் பிடித்து வைத்த எளிய ஊழியன் என்று டிரையாஸைச் சொல்லலாம்.

பின்னர் மரங்கள் வரத் தொடங்கின. ஆயின் நடுவே ஒரு பெரும் தடை நேர்ந்தது. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் குளிர் திடீரெனத் திரும்பி வந்து, ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. வந்த மரங்கள் மடிந்தன. டிரையாஸ் மீண்டும் நிலத்தைப் பிடித்தது. அதனாலேயே அக்காலத்திற்கு அச்செடியின் பெயரை அறிஞர் சூட்டியுள்ளனர். சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் வெப்பம் நிலைபெற்றது. அதன் பின்னரே பவனி முறையாகப் புறப்பட்டது.

முன்னே சென்றவை பிர்ச், பைன் மரங்கள். இவற்றின் விதை இலேசானது. காற்றே தூக்கிச் செல்லும். அவை உதிர்த்த இலைகள் மட்கி மண்ணான பிறகு, ஹேசல் வந்தது. அதன் பின்னே ஓக், எல்ம், லிண்டன் என நிழல் தரும் பெருமரங்கள் வந்தன. பீச் மரம் பல இடங்களுக்குச் சில ஆயிரம் ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. நம் தேர்த் திருவிழாவில் கொடியும் குருசும் முன்செல்ல, சிறுவரும் பெரியோரும் வரிசையாய்த் தொடர, தேர் இறுதியில் வருவதுபோல் எனலாம்.

இப்பவனியில் ஒரு புதிர் உண்டு. ஓக் மரத்தின் கொட்டை கனமானது; மரத்தின் அடியிலேயே விழும். அம்மரம் தன் முயற்சியால் ஆண்டுக்குச் சில அடி தூரமே நகர இயலும். அப்படியிருக்க, தெற்கிலிருந்து வட பிரிட்டன் வரையிலும் அது சில ஆயிரம் ஆண்டுகளில் எவ்வாறு சென்று சேர்ந்தது? 1899-ஆம் ஆண்டில் கிளமெண்ட் ரீட் என்னும் ஆங்கில அறிஞர் இக்கேள்வியை எழுப்பி, பறவைகளின் துணையின்றி இது நிகழ்ந்திருக்க முடியாது என்றார். ஜே எனப்படும் பறவை மழைக்காலத்திற்கு வேண்டுமென்று நாம் தானியம் சேர்ப்பதுபோல, குளிர்காலத்திற்கென ஓக் கொட்டைகளை ஆயிரக்கணக்கில் தொலைவு கொண்டுசென்று மண்ணில் புதைக்கிறது. அவற்றுள் சிலவற்றை மறந்துவிடுகிறது. அந்த மறதியே காடாகிறது. தான் செய்வது இன்னதென்று அறியாத சிறு பறவையின் மறதியைக்கூட இறைவனின் பராமரிப்பு வீணாக்கவில்லை.

எஞ்சியோர்

ஆயினும் விதை எங்கிருந்து வந்தது? வடபாதி முழுவதும் பனி மூடியிருந்தது. அதன் தெற்கே வறண்ட குளிர்ப் புல்வெளி பரந்திருந்தது. அவ்வாறாயின் ஓக் மரம் எங்கே ஒளிந்திருந்தது?

பெரும்பாலும் ஸ்பெயின், இத்தாலி, பால்கன் நாடுகளின் மலை மடிப்புகளில்தான். குளிர்காற்று நேரே வீசாத, ஈரம் வற்றாத பள்ளத்தாக்குகளில் சிறு சிறு சோலைகளாக அவை உயிர் பிழைத்திருந்தன. அந்நாளில் அவற்றை ஒருவர் கண்டிருப்பாராயின், அழிந்துபோன காட்டின் மிச்சம் என்று இரங்கியிருப்பார். இன்று ஐரோப்பாவை மூடியுள்ள ஓக் காடுகள் அந்த மிச்சங்களின் பிள்ளைகளே.

விவிலியத்தைப் படிப்போருக்கு இச்செய்தி புதிதாய் இராது. இசையாஸ் இறைவாக்கினர் எஞ்சியோரைப் பற்றி ஓயாமல் பேசுகிறார். வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையே புனித வித்து என்பது அவர் கண்ட காட்சி. இறைவன் ஒரு மக்களினத்தைக் காக்க விரும்பியபொழுதெல்லாம், பெருங்கூட்டத்தைக் கொண்டன்று, எஞ்சி நின்ற சிறுகூட்டத்தைக் கொண்டே காத்தார். காட்டையும் அவர் அதே வழியில் காத்துள்ளார் என்பதை இந்தச் சேற்றுப் பதிவேடு நமக்குக் காட்டுகிறது.

நீலமலையின் சாட்சி

இனி நம் நாட்டுக்கு வருவோம். நீலகிரியில் உதகமண்டலத்திற்கு அண்மையில் சாண்டிநல்லா என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் சதுப்பில் இலையும் புல்லும் முழுவதும் மட்காமல் படிந்து உருவான கரிய மண் தேங்கியுள்ளது. அதன் அடிப்பகுதி 40,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி தொல்தாவரவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் நீலகிரிச் சதுப்புகளின் மகரந்தத்தை ஆராய்ந்து 1970-களிலேயே எழுதினர். 1993-ஆம் ஆண்டு ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலிய அறிஞர்கள் அந்தக் கரிமண்ணின் கார்பனையே நிறுத்துப் பார்த்து, அதன் கதையை வெளியிட்டனர்.

அவர்கள் கையாண்ட முறையை நம் குடும்பத்தினர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். தாவரங்கள் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் வழி எல்லாவற்றிற்கும் ஒன்றன்று. சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு, மற்றும் வெப்ப நாட்டுப் புற்கள் பல ஒரு வகை. வெயிலையும் வறட்சியையும் தாங்குவதில் இவை வல்லவை. நெல்லும் மரங்களும் மற்றொரு வகை. இவ்விரு வகையும் மண்ணில் விட்டுச் செல்லும் கார்பனில் நுண்ணிய எடை வேறுபாடு உண்டு. ஆகவே மண்ணை ஆராய்ந்தால், அங்கு முன்னர்ப் புல் மிகுந்திருந்ததா, மரம் மிகுந்திருந்ததா என அறியலாம். சமவெளியில் நம் முன்னோர் மழை பொய்க்கும் நிலத்தில் கம்பையும், நீர் நிற்கும் நிலத்தில் நெல்லையும் விதைத்த அறிவும், ஆய்வுக்கூடத்தின் இந்த அறிவும் ஒரே உண்மையின் இரு முகங்கள்.

அம்மண் கூறும் கதை இது. பனியூழியின் கடுமை மிகுந்த காலத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், நீலகிரியின் உச்சியில் வறட்சியைத் தாங்கும் புல்லே ஓங்கியிருந்தது. வடக்கே பனி உருகத் தொடங்கியபின் இங்கே பருவமழை வலுப்பெற்றது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மழை மிகுந்து, மரங்களின் அடையாளம் ஓங்கியது. பின்னர், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி மீண்டும் வறட்சி, மீண்டும் புல். இவ்வாறு சோலையும் புல்வெளியும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று இடம் கொடுத்தும், இடம் பெற்றும் வந்துள்ளன. மழையற்ற நூற்றாண்டுகளில் சோலை, மலையின் மடிப்புக்குள் ஒடுங்கிக் காத்திருந்தது. மழை திரும்பியபொழுது வெளியே வந்தது.

ஆகையால் நீலகிரியின் புல்வெளி, மனிதன் காட்டை அழித்ததனால் மட்டும் உண்டான வீண்நிலம் அன்று; அதுவும் இறைவன் படைப்பில் தொன்மையான ஓர் உறுப்பே. இதனை அறியாமல், வெற்றிடம் என எண்ணி ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்த சீகை மரத்தையும் தைல மரத்தையும் அங்கு நட்டார்கள். நட்டது நன்மை கருதியே. விளைவோ, சோலையும் புல்லும் இரண்டும் சுருங்கின. மரம் நடுவது எல்லா இடத்திலும் எக்காலத்திலும் அறமே என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நம் மலைகள்

சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று பார்ப்போருக்கு நாற்புறமும் மலைகள் தெரியும். அவற்றுள் சேர்வராயன் மலை சுமார் 1,600 மீட்டர் உயரம். கொல்லிமலையின் மேற்பரப்பு ஆயிரம் மீட்டரையும் தாண்டியது. கீழே முள்ளும் வேலமும் வளரும் வறண்ட நிலம். சரிவில் இலை உதிர்க்கும் காடு. உச்சியருகே, ஓடை பிறக்கும் மடிப்புகளில் மட்டும் என்றும் பசுமையான சோலைத் துண்டுகள். கொல்லிமலையில் சில சோலைகளைத் தெய்வத்திற்குரியவை என்று அம்மலை மக்கள் கோடரி படாமல் காத்து வந்துள்ளனர்.

இம்மலைகளின் தாவரங்களை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தவர் ஓர் இயேசு சபைக் குரு என்பது நமக்குப் பெருமை. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் தாவரக் காப்பகத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மாத்யூ, சே.ச., தம் மாணவர்களோடு சேர்வராயன், கொல்லி, கல்ராயன், பச்சைமலை எனப் பல மலைகளிலும் ஏறி, செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, பெயரிட்டு, 1981 முதல் 1988 வரை பல பகுதிகளாகப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 2004-ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். சேலம் மாவட்டத்து மலையொன்றில் வளரும் செடி இன்னதெனத் தெரிந்துகொள்ள விரும்பும் ஆய்வாளர் எவரும் இன்றும் அவர் நூலைத் திறக்காமல் இருக்க முடியாது. திருப்பயணம் செல்வதுபோல் அவர் மலைக்குச் சென்றார். செபமாலை மணிகளை எண்ணுவதுபோல் செடிகளை எண்ணினார்.

அத்தந்தை எண்ணிய சோலைத் துண்டுகள் வெறும் அழகுப் பொருள்களா? அல்ல. திருமணிமுத்தாறும் சரபங்காவும் சேர்வராயனில் பிறக்கின்றன. ஆகாய கங்கையாய் வீழும் ஐயாறு கொல்லிமலையில் பிறக்கிறது. பெய்யும் மழையைச் சோலையின் மண் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுகிறது. சோலை போனால் மழை நாளில் வெள்ளம், மறுவாரம் வறண்ட மணல். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு தோண்டியும் நீர் காணாத நம் உழவர்கள் இதனை ஆழ்ந்து எண்ணவேண்டும்.

ஓர் அன்னையின் கேள்வி

மறைக்கல்வி வகுப்பு முடிந்து ஒரு நாள் ஓர் அன்னை நம்மை அணுகி, தம் மகன் கேட்ட கேள்வியைக் கவலையோடு தெரிவித்தார். மூன்றாம் நாளில் இறைவன் மரங்களைப் படைத்தார் என்று வேதத்தில் படிக்கிறோம். காடுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக வந்து சேர்ந்தன என்று பள்ளியில் கற்பிக்கிறார்கள். எதனை நம்புவது என்று அச்சிறுவன் கேட்டானாம்.

அவன் கேட்டது நல்ல கேள்வி. அதற்காக அவனைக் கடிந்துகொள்ளுதல் தவறு. தொடக்கநூல் நமக்கு ஆண்டுக் கணக்கைக் கற்பிக்க எழுதப்படவில்லை. யாவும் இறைவனிடமிருந்து வந்தன, யாவும் நல்லவை என்று கற்பிக்க எழுதப்பட்டது. திருநூலாசிரியர்கள் தம் காலத்து இலக்கிய வழக்கில் எழுதியதை அறிந்து படிக்கவேண்டும் எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1943-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். அதற்கும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார், இறைவன் தொடக்கத்திலேயே படைப்பினுள் வித்துகளைப் போன்ற ஆற்றல்களைப் பதித்து வைத்தார் என்றும், அவை தத்தம் காலத்தில் வெளிப்படுகின்றன என்றும் விளக்கியுள்ளார். ஒரு நொடியில் மரத்தைப் படைப்பவர் பெரியவரா, பறவையின் மறதியையும் உருகும் பனியையும் கொண்டு பத்தாயிரம் ஆண்டுகளில் ஒரு காட்டை எழுப்புபவர் பெரியவரா என்று மகனைக் கேளுங்கள் என்றோம். அன்னையின் முகம் தெளிந்தது.

இன்றைய சோதனை

ஆயினும் அச்சிறுவன் வளர்ந்து கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கு விடை கூறுவது எளிதன்று. பனியூழி முடிந்தபொழுது உலகின் வெப்பம் ஏறத்தாழ ஐந்து ஆறு பாகை உயர, பத்தாயிரம் ஆண்டளவு காலம் ஆயிற்று. இன்றோ, நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து, சுமார் நூற்றைம்பது ஆண்டுகளில் ஒரு பாகைக்கு மேல் உயர்த்திவிட்டோம். மரங்களின் பவனி இவ்வளவு விரைவைத் தாங்குமா?

மேலும் ஒன்று. குளிர்ச்சியை நாடும் மரம், கீழே வெப்பம் மிகுந்தால் மலைமேல் ஏறிச் சென்று பிழைக்கும். சேர்வராயனின் உச்சிச் சோலை எங்கே ஏறும்? அதற்கு மேல் வானம் மட்டுமே உண்டு. வேறு மலைக்குச் செல்லலாம் எனில், இடையே நெடுஞ்சாலையும் கல்குவாரியும் மரவள்ளிக் காடும் குடியிருப்பும் நிறைந்துள்ளன. பனியூழியில் எஞ்சியோருக்கு இருந்த வழி, இன்று எஞ்சியுள்ளோருக்கு இல்லை.

மலையில் வாழும் எளிய மக்களின் மேல் பழியைச் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதும் நீதியன்று. சாமையும் தினையும் விதைத்தவன் வயிறு நிறையவில்லை. காப்பிக்கும் மிளகுக்கும் நிழலாகச் சில்வர் ஓக் நட்டவனுக்கு மிளகும் விற்றது, மரமும் விற்றது. பிள்ளையைப் படிக்கவைக்க அவன் வேறென்ன செய்வான்? அந்த மரத்தை வாங்கியவரும் சாமையை வாங்க மறந்தவரும் சமவெளியிலுள்ள நாமே. பூமியின் ஓலமும் ஏழைகளின் ஓலமும் ஒன்றே என்னும் கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தியது இதனால்தான்.

ஆகவே நம் குடும்பங்கள் செய்யத்தக்கன மூன்றைக் கூறி அமைகிறோம். முதலாவது, பங்கு விழாவில் நூறு கன்றுகள் நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைக் காட்டிலும், ஏற்கெனவே நிற்கும் பழைய மரம் ஒன்றைக் காப்பது மேலானது. ஆலய வளாகத்திலோ ஏரிக்கரையிலோ அத்தகைய மரம் நிற்குமாயின், கட்டடத்திற்கு வேறிடம் தேடுவோம். இரண்டாவது, நடுவதாயின் நம் மண்ணுக்குரிய புங்கு, வேம்பு, ஆல், அரசு, நாவல் ஆகியவற்றை நடுவோம். மூன்று கோடை நீர் ஊற்ற ஆளில்லாத இடத்தில் நடாதிருப்போம். மூன்றாவது, திங்களில் சில நாளேனும் மலையில் விளைந்த சிறுதானியத்தை நியாயமான விலை கொடுத்து வாங்கி உண்போம். மலைவாழ் உழவன் தன் நிலத்தில் மதிப்போடு வாழ வழியிருந்தால், அவனே சோலைக்குக் காவலனாவான்.

மீண்டும் மேட்டூருக்கு வருவோம். நீர் வற்றும்பொழுது தோன்றும் அந்தக் கோபுரத்தை நாம் இழந்ததன் நினைவாகவே பார்க்கிறோம். மலை மடிப்பில் ஒடுங்கி நிற்கும் சோலையை அவ்வாறு பார்க்கலாகாது. அது கடந்துபோன காட்டின் கல்லறைக் கல் அன்று. வரவிருக்கும் காட்டின் விதைப்பெட்டி. மழை திரும்பும் நாளுக்காக அது இருபதினாயிரம் ஆண்டுகள் பொறுமையோடு காத்திருந்தது. நம் தலைமுறை ஒன்றைத் தாண்டிச் செல்ல அதற்கு வழிவிடுவோமா என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி. இவ்வாண்டு ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், ஓடையருகே உள்ள சோலை ஒன்றன் நிழலில் சற்று நேரம் அமைதியாய் அமர்ந்து, இக்கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். கேட்ட பிள்ளை கோடரியை எடுக்கத் தயங்கும்.

அடுத்த திங்கள் ஏட்டின் மற்றொரு பக்கத்தில் சந்திப்போம். படைத்தவர் நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.